யூக்கான், மிசினைபி, நஹானி, தெலான்: முதல் நெடுந்தூரக் கனூப் பயணத்துக்கு எந்த ஆறு?

கனடாவின் வடக்கே இரண்டு மூன்று வாரம் கனூவில், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய திறந்த படகில், போவது என்று முடிவெடுத்தவர்கள் முதலில் கேட்பது, "அந்த ஆற்றில் ரேப்பிட் எத்தனை?" என்பதைத்தான். பாறைகளுக்கிடையே தண்ணீர் நுரைத்துச் சரியும் இடத்துக்குத்தான் ரேப்பிட் என்று பெயர். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் இரண்டாவதாக. முதலில் கேட்க வேண்டியது வேறு: நடுவழியில் படகு போய்விட்டால் என்ன செய்வீர்கள்?

படகு போவது அபூர்வமான விபத்தல்ல. இரவில் நீர்மட்டம் ஏறி, கட்டாமல் விட்ட கனூவை அடித்துக்கொண்டு போகும். கரையில் கவிழ்த்து வைத்ததைக் காற்று தூக்கி உருட்டும். பாறையில் குறுக்காகச் சிக்கிய கனூ, உள்ளே நீர் நிரம்பியதும் பாறையைச் சுற்றி மடங்கிக்கொள்ளும். இவற்றுக்குப் பிறகு நீங்கள் நிற்கும் கரையில் அடுத்த மனிதர் வர எத்தனை நாளாகும், அதுவரை என்ன சாப்பிடுவீர்கள், எங்கே ஒதுங்குவீர்கள் என்பதை வைத்து ஆறுகளை வரிசைப்படுத்தினால், ரேப்பிட்டை வைத்துப் போடும் வரிசை மாறிவிடும். இந்த நான்கில் தெலான் ஆற்றின் வழக்கமான பயணப் பகுதியில் ரேப்பிட் குறைவு. ஆனால் முதல் பயணத்துக்கு அதைத் தேர்ந்தெடுப்பது நல்ல யோசனையல்ல.

வட ஆறுகளில் குளிர்ந்த நீர் எப்படிக் கொல்கிறது என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1–10–1 என்ற கணக்கு எல்லாப் படகுக்காரர்களுக்கும் மனப்பாடம். விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு உங்கள் வசம் இருக்காது, திணறும். அதன்பின் சுமார் 10 நிமிடம் கை விரல்கள் சொன்னபடி கேட்கும். உடல்வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். ஆக, குளிர்நீரில் விழுந்தவர்களில் பலர் குளிரால் சாவதில்லை. முதல் நிமிடத்தில் தண்ணீரை உள்ளிழுத்தோ, கை விறைத்துக் கயிற்றைப் பிடிக்க முடியாமலோதான் மூழ்குகிறார்கள். லைஃப் ஜாக்கெட்டை இருக்கையின் கீழே வைத்துக்கொண்டு போகிறவருக்கு நீச்சல் தெரிந்திருப்பதால் பெரிய பலன் இல்லை.

யூக்கான்: கூட்டமுள்ள பாதுகாப்பு

யூக்கான் நிலப்பகுதியில், வைட்ஹார்ஸிலிருந்து டாசன் சிட்டி வரை 700 கி.மீ.க்குச் சற்று மேல். பெரும்பாலோர் 14 முதல் 16 நாளில் முடிக்கிறார்கள். ஆண்டுதோறும் இதே தூரத்துக்கு நடக்கும் பந்தயத்தில் இரண்டு மூன்று நாளில் முடிக்கிறவர்களும் உண்டு. ஓட்டம் அவ்வளவு உதவும் ஆறு இது. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் படகு நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 50, 60 கி.மீ. என்பது இங்கே சோம்பல் கணக்கு.

சோம்பலுக்கு இடம் தராத ஒரே பகுதி லபார்ஜ் ஏரி. வைட்ஹார்ஸிலிருந்து ஒரு நாள் தூரத்திலேயே வந்துவிடும். நீளம் சுமார் 50 கி.மீ. ஓட்டம் கிடையாது, காற்று மட்டும் உண்டு. தெற்கிலிருந்து அடிக்கும் காற்று ஏரியின் முழு நீளத்துக்கும் அலையைத் தள்ளிக்கொண்டு வரும். முதல் முறை வருகிறவர்கள் ஆற்றின் வேகத்தில் மயங்கி, ஏரியையும் ஒரே நாளில் கடந்துவிடலாம் என்று பிற்பகலில் இறங்குவார்கள். சரியான முறை: விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி, ஒரு கரையைத் தேர்ந்து அதை ஒட்டியே போய், பத்து மணிக்குள் கரையேறிவிட வேண்டும். ஜூனில் அங்கே இரவு முழுவதும் வெளிச்சம் இருப்பதால் நான்கு மணி என்பது இருட்டு அல்ல. விரிகுடாவின் வாயை நேராக வெட்டிக் கடந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் படகுகள் கவிழ்கின்றன.

ஏரிக்குப் பின் வரும் தர்ட்டி மைல் பகுதி இந்த ஆற்றின் மணிமகுடம். கண்ணாடி போன்ற பச்சை நீர், வேகமான வளைவுகள். 1991இல் கனடிய மரபு ஆறாக அறிவிக்கப்பட்டது இந்தப் பகுதிதான். அதன் முடிவில் ஹூட்டலின்குவாவில் டெஸ்லின் ஆறு வந்து சேர்கிறது. பக்கத்துத் தீவொன்றில் பழைய நீராவிக் கப்பல் ஒன்றின் உடல் மரங்களுக்கு நடுவே இன்னும் நிற்கிறது. பாதி வழியில் கார்மாக்ஸ் ஊர். கடை உண்டு, சாலை உண்டு. அதைத் தாண்டி வரும் ஃபைவ் ஃபிங்கர் ரேப்பிட்ஸில் பாறைத் தூண்கள் ஆற்றை ஐந்தாகப் பிரிக்கும். வலப்பக்கக் கடைசி வாய்க்கால்தான் வழி. தூரத்திலேயே வலக்கரைக்கு ஒதுங்கி, வாய்க்காலின் நடுவே நாக்குப் போல வழுவழுப்பாக நீளும் நீரில் நேராக விட்டு, அலை வரும்போது துடுப்பை நிறுத்தாமல் போட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படகின் ஓரத்தைப் பற்றுகிறவர்கள்தான் கவிழ்வார்கள். சில கி.மீ. கீழே ரிங்க் ரேப்பிட்ஸ், அதிலும் வலக்கரை.

மின்ட்டோவுக்குப் பிறகு டாசன் வரை சாலை ஆற்றைத் தொடாது. ஆனாலும் கோடையில் வேறு கனூக்களும் மோட்டார் படகுகளும் வந்துகொண்டிருக்கும். படகு போய்விட்டால் கரையில் பளிச்சென்ற நிறத் தார்ப்பாயைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் ஓரிரு நாளில் ஆள் வர வாய்ப்பு அதிகம். வாடகைக் கனூவை வைட்ஹார்ஸில் எடுத்து டாசனில் விட்டுவிட்டுப் போகும் ஏற்பாடும் உண்டு. விமானத்தை வாடகைக்குப் பிடிக்க வேண்டியதில்லை. செலவில் பாதி அங்கேயே குறைந்துவிடும்.

குறை என்னவென்றால், ஒயிட் ஆறு வந்து கலந்த பிறகு நீர் சேறாகிவிடும். பனியாற்று வண்டலும் பழைய எரிமலைச் சாம்பலும் சேர்ந்த சேறு அது. கனூவின் அடியில் உரசி, எண்ணெயில் அப்பளம் பொரிவது போல மெல்லச் சீறிக்கொண்டே வரும். வடிகட்டி ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும். பாத்திரத்தில் இரவு முழுக்கத் தெளியவிட்டு மேல் நீரை எடுங்கள், அல்லது பக்கத்து ஓடை கலக்கும் வாயிலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு குறை, தனிமை தேடி வருகிறவர்களுக்கு நல்ல முகாம் இடங்களில் மற்றவர்களின் கூடாரம் ஏற்கெனவே நிற்கும்.

லபார்ஜ் பிடிக்காதவர்களுக்கு ஒரு மாற்று உண்டு: அலாஸ்கா நெடுஞ்சாலையில் உள்ள ஜான்சன்ஸ் கிராஸிங்கில் டெஸ்லின் ஆற்றில் இறங்கி ஹூட்டலின்குவா வழியாகக் கார்மாக்ஸ் வரை, ஏறத்தாழ 370 கி.மீ. பெரிய ஏரியும் இல்லை, ஃபைவ் ஃபிங்கரும் இல்லை. எட்டு நாள் விடுப்பில் வருகிறவர்களுக்கு இதுவே போதும். தர்ட்டி மைலைத்தான் இழப்பீர்கள்.

மிசினைபி: சுமந்தால்தான் ஆறு

டொராண்டோவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருக்கும் நம்மவர்களுக்குக் காரில் கனூவைக் கட்டிக்கொண்டு போகக்கூடிய ஆறு இந்த நான்கில் இது ஒன்றுதான். 11ஆம் நெடுஞ்சாலையில் உள்ள மாட்டிஸ் ஊர் டொராண்டோவிலிருந்து கிட்டத்தட்ட 900 கி.மீ. அங்கிருந்து மூசனி வரை ஆற்றில் சுமார் 315 கி.மீ. மிசினைபி ஏரியிலிருந்தே தொடங்கினால் இன்னும் 200 கி.மீ.க்கு மேல் கூடும். ஜேம்ஸ் விரிகுடாவுக்கும் சுப்பீரியர் ஏரிக்கும் இடையே விலங்குத் தோல் வணிகம் நடந்த பழைய வழி. 2004இல் மரபு ஆறு என்ற தகுதி பெற்றது.

மூசனிக்குச் சாலை கிடையாது. அங்கிருந்து காக்ரேனுக்கு போலார் பேர் எக்ஸ்பிரஸ் என்ற ரயில் போகிறது, கனூவையும் ஏற்றிக்கொள்ளும். தினமும் ஓடும் என்று நம்பி வந்துவிடாமல் அட்டவணையைப் பார்த்து நாளைக் கணக்கிட வேண்டும். காரைக் காக்ரேனில் விட்டுவிட்டு மாட்டிஸுக்கு வேறு வண்டியில் போய் இறங்குவது, திரும்பி வந்து காரை மாட்டிஸில் தேடிப் போவதைவிட நல்லது. பயணத்தின் முடிவில் எல்லாருக்கும் அலுப்பு, ரயில் வேறு தாமதமாகும்.

யூக்கானுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு போர்ட்டேஜ், அதாவது ரேப்பிட்டையும் அருவியையும் சுற்றிக்கொண்டு கரை வழியே படகையும் சுமையையும் தோளில் தூக்கிப்போவது. இதன் கணக்கை எழுதிப் பார்க்காமல் யாரும் இந்த ஆற்றுக்கு வரக் கூடாது. சுமையை மூன்று நடையாகத் தூக்கினால், 1 கி.மீ. போர்ட்டேஜ் 5 கி.மீ. நடையாகிறது: மூன்று முறை சுமையோடு போய், இரண்டு முறை வெறுங்கையோடு திரும்ப வேண்டும். இரண்டு நடையாகச் சுருக்கிக்கொண்டால் 3 கி.மீ. அந்த ஒரு நடையை மிச்சப்படுத்துவது எப்படி என்பதில்தான் இந்தப் பயணத்துக்கான மூட்டை கட்டும் கலை இருக்கிறது. கையில் தொங்கும் சிறு பைகள், தனியாகக் கட்டிய கூடாரம், இரண்டாவது நாற்காலி எல்லாம் மூன்றாவது நடைக்கான சாமான்கள்.

தண்டர்ஹவுஸ் அருவிக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். கனடியக் கேடயம் எனப்படும் பழம்பாறை நிலம் முடிந்து ஹட்சன் விரிகுடாத் தாழ்நிலம் தொடங்கும் விளிம்பு அது. பள்ளத்தாக்குக்குள் ஆறு அடுத்தடுத்து விழுகிறது. இறங்கினால் கரையேற இடம் இல்லை. கனூக்காரர்கள் உயிரிழந்த இடம். நிலப்படத்தில் ரேப்பிட்டுக்குப் போடும் குறுக்குக்கோடு, அங்கே ரேப்பிட் உண்டு என்று மட்டும்தான் சொல்லும். எந்தக் கரையில், எவ்வளவு முன்னால் ஏற வேண்டும் என்று சொல்லாது. அதனால் அந்த ஆற்றுக்கென்றே எழுதப்பட்ட வழிகாட்டியையும் அண்மையில் போய்வந்தவர்களின் குறிப்பையும் கையில் வைத்துக்கொண்டு, அருவிக்குப் பல கி.மீ. முன்பிருந்தே ஜிபிஎஸ்ஸில் இடத்தைப் பார்த்துக்கொண்டே, போர்ட்டேஜ் கரையை ஒட்டியே வர வேண்டும். இரண்டு கனூ என்றால் முன்னது நின்றபின்தான் பின்னது நெருங்க வேண்டும். மழை பெய்து ஆறு நிரம்பியிருந்தால் கரையேறும் துறை நீரில் மூழ்கி அடையாளமே தெரியாமல் போகும். அந்த நாளில் காத்திருப்பதைத் தவிர வேறு சாமர்த்தியம் இல்லை.

அருவிக்குக் கீழே ஆறு அகன்று, ஆழம் குறைந்து, ஆகஸ்டில் சில ஆண்டுகள் கனூவை விட்டிறங்கி இழுத்துக்கொண்டு நடக்க வைக்கும். மூசனியை நெருங்கும்போது கடலின் ஏற்றவற்றம் ஆற்றுக்குள் வரும். வற்றும் நேரத்தில் கரையோரம் விட்ட படகு சேற்றில் குந்திவிடும், ஏறும் நேரத்தில் மிதந்து போய்விடும். கொசுவும் கருப்பு ஈயும் இந்த நான்கு ஆறுகளிலும் உண்டு, ஆனால் தாழ்நிலச் சதுப்பில் ஜூன் கடைசியில் இருப்பது வேறு வகை. தலைவலை இல்லாமல் சோறு வாய்க்குப் போகாது.

படகு போய்விட்டால்? மாட்டிஸுக்கு மேலே என்றால் ஆள் வரலாம். கீழே என்றால் வரலாம், ஒரு வாரம் வராமலும் போகலாம். காடு அடர்ந்தது, கரையோடு நடந்து தப்புவது நடக்காத காரியம். ஆனால் விறகு உண்டு, ஒதுங்க மரம் உண்டு.

நஹானி: பணம் கட்டினால் கிடைக்கும் மாட்சி

வடமேற்கு நிலப்பகுதியில் உள்ள சவுத் நஹானி 1978இல் உலக மரபுச் சின்னங்களின் முதல் பட்டியலிலேயே இடம்பெற்றது. டெனே என்னும் பூர்வகுடி மக்களின் நிலம். வர்ஜீனியா அருவியின் உயரம் நயாகராவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அதற்குக் கீழே நான்கு பள்ளத்தாக்குகள். சுவர்கள் சில இடங்களில் 1,000 மீட்டரைத் தாண்டும். எண்களைக் கீழிருந்து போட்டிருப்பதால், மேலிருந்து வருகிறவருக்கு நான்காவது முதலில் வரும், முதலாவது கடைசியில் வரும். குறிப்பேடு படிக்கும்போது இது பலரைக் குழப்பும்.

தேர்வு உண்மையில் எங்கே இறங்குவது என்பதில் இருக்கிறது. ஆறு தொடங்கும் பகுதியில், மூஸ் பாண்ட்ஸில் இறங்கினால் பாறைகள் நிறைந்த நீண்ட ரேப்பிட் வரிசை. மூன்றாம் தர நீரில் (ரேப்பிட்டின் தர எண் ஏற ஏறக் கடுமையும் ஏறும்) சுமையேற்றிய கனூவை ஓட்டிப் பழகியவர்களுக்கு மட்டும். ராபிட்கெட்டில் ஏரியில் இறங்கினால் அருவி வரை 120 கி.மீ. அளவுக்கு அமைதியான, வேகமான நீர். அருவியிலேயே இறங்கினால் நஹானி பட் கிராமம் வரை 200 கி.மீ.க்குச் சற்று மேல், 7 முதல் 10 நாள். முதல் தடவை வருகிறவர்களுக்கு ராபிட்கெட்டில்தான் என் தேர்வு: கனூவின் கனமும் ஆற்றின் போக்கும் கைக்குப் பழகிய பிறகு பள்ளத்தாக்குக்குள் நுழைவீர்கள். விமானச் செலவு சற்றுக் கூடும், ஆனால் நான்கு நாள் பயிற்சி கிடைக்கிறது.

அருவிக்குக் கீழே கவனிக்க வேண்டியவை சில. முதலில் வரும் நான்காம் பள்ளத்தாக்கில் தண்ணீர் குவிந்து எழும் பெரிய அலைகள் வரும். திறந்த கனூ இரண்டு அலையில் பாதி நிறைந்துவிடும். ஃபிகர் எயிட் என்னும் இடத்தில் ஆறு பாறைச் சுவரில் மோதிச் செங்குத்தாகத் திரும்பி, இரண்டு பக்கமும் சுழலை உருவாக்கும். சுமந்து கடக்கவும் வழி உண்டு. மேலிருந்து நின்று பார்த்துவிட்டு, கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் சுமந்துவிடுவதே மேல். பயணத்தின் பின்பாதியில் கிராஸ் வெந்நீர் ஊற்று. கந்தக வாடை அடிக்கும், இரண்டு வார அழுக்குக்கு அது பொருட்டில்லை. அதற்குப் பிறகு ஆறு பல கிளையாகப் பிரிந்து மணல்திட்டுக்குள் அலையும். அதிக நீர் போகும் கிளையைப் பார்த்துப் பிடிக்காவிட்டால் இழுக்க வேண்டியதுதான்.

தேசியப் பூங்கா என்பதால் முன்பதிவு, கட்டணம், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் பதிவு எல்லாம் உண்டு. இது தொல்லை போலத் தெரிந்தாலும் முதற்கேள்விக்கு நல்ல பதில்: நீங்கள் எப்போது வெளியே வர வேண்டும் என்பது எழுத்தில் இருக்கிறது, ஜூலையில் பின்னாலேயே வழிகாட்டியோடு வரும் குழுக்களும் இருக்கின்றன. பணம் மட்டும்தான் தடை. மிதவை விமான வாடகையைப் போகும் தூரத்துக்கும், வெறுமையாகத் திரும்பும் தூரத்துக்கும் சேர்த்தே போடுவார்கள்.

தெலான்: ஆள் இல்லாத நிலம்

தெலான் மரமற்ற துந்திரத்தின் வழியே கிழக்காக ஓடி நுனாவுட்டில் உள்ள பேக்கர் லேக் கிராமத்தில் முடிகிறது. மொத்த நீளம் சுமார் 900 கி.மீ. நடுவில் உள்ள விலங்குக் காப்பகம் 1927இல் ஏற்பட்டது. கஸ்தூரி எருதும் கரிபூ மானும் ஓநாயும் இவ்வளவு அருகில் காணக் கிடைக்கும் ஆறு குறைவு. மரக்கோட்டுக்கு வெகு வடக்கே, ஆற்றோரம் மட்டும் ஸ்ப்ரூஸ் மரங்கள் தீவு தீவாக நிற்கும்.

அதே 1927இல்தான் ஜான் ஹார்ன்பியும் அவருடைய இளம் துணைவர்கள் இருவரும் இந்த ஆற்றங்கரைக் குடிசையில் பட்டினியால் இறந்தார்கள். இலையுதிர்காலத்தில் கடந்துபோகும் கரிபூக் கூட்டத்தைத் தவறவிட்டதே காரணம். "மீன் பிடித்துக்கொள்ளலாம், அதனால் உணவைக் குறைக்கலாம்" என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. இன்னொரு வினோதமும் உண்டு. 1978 ஜனவரியில் அணு உலையோடு விழுந்த சோவியத் செயற்கைக்கோள் காஸ்மோஸ் 954இன் துண்டு, தெலான் கரையில் வார்டன்ஸ் குரோவ் என்னும் தோப்பில் குளிர்காலத்தைக் கழித்த ஆறு பேர் கண்ணில்தான் பட்டது. அவ்வளவு வெற்று நிலத்திலும் ஆள் இருந்தார்களே என்பதுதான் ஆச்சரியம்.

இங்கே எதிரி காற்று. ஆற்றின் கடைசிப் பகுதியில் பெவர்லி, அபர்டீன், ஷுல்ட்ஸ் என்று மூன்று பெரிய ஏரிகள். ஜூலை முதல் பாதியில் ஏரிகளில் பனிக்கட்டி மிச்சமிருக்கலாம். ஆகஸ்ட் பின்பாதியில் குளிர்காலம் எட்டிப் பார்க்கும். நடுவில் இருக்கும் ஐந்தாறு வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள் தொடர்ந்து காற்றடித்து உங்களைக் கூடாரத்துக்குள் முடக்கும். அதனால் ஐந்து நாள் பயணத்துக்கு ஒரு நாள் என்ற விகிதத்தில் காத்திருப்பு நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்று ஆறுகளில் ஏழுக்கு ஒன்று போதும். கூடாரம் முக்கியம்: குறுக்குக் கம்பிகளால் நிற்கும், தாழ்ந்த வகை வேண்டும். ஆணியடிக்க மண் இல்லாத இடத்தில் கல்லைக் கட்ட நீளக் கயிறு வேண்டும். பெவர்லிக்குப் பிறகு விறகை நம்ப முடியாது; இருவருக்கு ஒரு நாளைக்கு 150 முதல் 200 மில்லி வெள்ளைப் பெட்ரோல் என்று கணக்கிட வேண்டும். அதைப் பயணிகள் விமானத்தில் கொண்டுபோக முடியாது, கரடித் தெளிப்பானையும் கொண்டுபோக முடியாது. இரண்டையும் வடக்கே போய் இறங்கும் யெல்லோநைஃப் நகரிலேயே வாங்க வேண்டும்.

படகு போய்விட்டால் இங்கே யாரும் வரமாட்டார்கள். செயற்கைக்கோள் கருவிதான் ஒரே வழி. அழைத்தாலும், பனிமூட்டம் விலகி விமானம் இறங்க நாள் கணக்கில் ஆகலாம்.

காப்பர்மைன் ஆற்றையும் இந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்வார்கள். கடலில், குக்லுக்டுக் கிராமத்தில் முடியும் அழகான ஆறு. 1771இல் சாமுவேல் ஹெர்ன் வந்த பிளடி ஃபால்ஸ் முடிவுக்குச் சற்று முன்னால். ஆனால் தெலானின் தனிமையும் நஹானியைவிடக் கடுமையான ரேப்பிட்டும் ஒன்றாகச் சேர்ந்தது அது. முதல் பயணத்துக்கு அதைப் பரிசீலிக்கவே வேண்டாம்.

ஆறு முடிவானால் படகும் முடிவாகும்

இருவர், மூன்று வாரம் என்றால் 17 அடிக் கனூ. 16 அடியும் மிதக்கும், ஆனால் முழுச் சுமையோடு நீருக்கு மேல் விளிம்பு 15 செ.மீ.க்குக் குறையக் கூடாது. அணியம் கனத்தால் அலையில் முங்கும், பின்பக்கம் கனத்தால் காற்றில் மூக்கு திரும்பிக்கொண்டே இருக்கும். எதிர்க்காற்று ஏரியில் சற்று முன் கனமாகவும், ரேப்பிட்டில் சமமாகவும் வைப்பது வழக்கம்.

ராயலெக்ஸ் என்ற அடுக்கு பிளாஸ்டிக் பல ஆண்டு வட ஆறுகளை ஆண்டது. அதன் உற்பத்தி நின்றுவிட்டது. இப்போது அதே குணமுள்ள டி-ஃபார்மெக்ஸ் கிடைக்கிறது. 17 அடிக்கு 35 கிலோ அளவில் வரும், பாறையில் மோதினால் உள்வாங்கி மீண்டும் நிமிரும். மிசினைபிக்கும் நஹானிக்கும் இதுதான். நஹானிக்குக் கனூவின் மேல் கட்டும் மூடுதுணியும் கட்டாயம். பாலிஎத்திலீன் கனூ இதைவிடக் கனம். போர்ட்டேஜ் இல்லாத யூக்கானில் வாடகைக்குக் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். கெவ்லார் இழையில் செய்த கனூ 20 கிலோவை ஒட்டி வரும், ஏரியில் பறக்கும், கூர்ப்பாறையில் விரியும்.

தெலானுக்கு மட்டும் மடக்குக் கனூவைப் பரிந்துரைப்பேன். அலுமினியக் குழாய்ச் சட்டத்தில் தடித்த துணி மாட்டியது. இரண்டு பைக்குள் அடங்கும். கெட்டிக் கனூவைப் பேக்கர் லேக்கிலிருந்து திரும்பக் கொண்டுவருவது பெருஞ்செலவு. சிலர் அங்கேயே விற்றுவிட்டு வருவதுண்டு. கெட்டிக் கனூவோடுதான் பறக்க வேண்டும் என்றால் விமானக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள்: மிதவைக் கம்பியில் வெளியே கட்டுவாரா, உள்ளே ஏற்றுவாரா, கனூ கட்டியிருக்கும்போது பயணிகளை ஏற்றுவாரா? இரண்டு மூன்று கனூவை உள்ளே ஏற்ற, இருக்கையையும் குறுக்குச் சட்டத்தையும் கழற்றி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குவார்கள். அதற்கான திருப்புளியும் உபரித் திருகாணியும் உங்களிடம் இருக்க வேண்டும். துறையில் இறக்கிவிட்டு விமானம் போனபின் ஒரு போல்ட் குறைவதைக் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள்.

சாப்பாடு எல்லா ஆற்றுக்கும் ஒன்றுதான்: ஆளுக்கு ஒரு நாளைக்கு உலர்நிலையில் 800 முதல் 900 கிராம். இருவர், 20 நாள் என்றால் 34 கிலோவை ஒட்டி வரும். 60 லிட்டர் பீப்பாய் ஒன்று இருவருக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் தாங்கும். புழுங்கலரிசி எரிபொருளைத் தின்னும். அவல், ரவை, ஏற்கெனவே வேகவைத்து உலர்த்திய சோறு, மாவாக அரைத்த பருப்பு, ஒரு புட்டி நெய் இருந்தால் அடுப்பு பத்து நிமிடத்தில் அணைந்துவிடும். தாளித்த வாடை கரடிக்கும் பிடிக்கும் என்பதால் சமைக்குமிடம் கூடாரத்திலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, காற்றின் கீழ்ப்பக்கம் இருக்கட்டும்.

எதைத் தேர்வது?

சுமையேற்றிய கனூவில் ஒரு வாரத்துக்கு மேல் போகாதவர்கள் யூக்கானுக்கோ டெஸ்லினுக்கோ போகட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, 700 கி.மீ. என்பது சிறு தூரமல்ல. ஒன்டாரியோவில் கோடைதோறும் கனூவில் போய், தோளில் கனூ தூக்கிப் பழகியவர்களுக்கு மிசினைபி. காசும் பத்துப் பன்னிரண்டு நாளும்தான் இருக்கிறது, இரண்டாம் தர ரேப்பிட்டில் கவிழாமல் வரத் தெரியும் என்றால் நஹானி. ஆனால் சாலையோர ஆற்றில் இரண்டாம் தரமாக இருப்பதை அங்கே மூன்றாம் தரமாக வைத்து முடிவெடுங்கள். கவிழ்ந்தால் உலர்ந்த காலுறை கூட அருகில் இல்லை. தெலான், இவற்றில் இரண்டையாவது முடித்தவர்களுக்கு, அதுவும் இரண்டு கனூவாக.

எந்த ஆறானாலும் தீப்பெட்டியோ லைட்டரோ, கத்தி, செயற்கைக்கோள் கருவி மூன்றும் லைஃப் ஜாக்கெட்டின் பையில் இருக்க வேண்டும், படகில் அல்ல. படகில் இருப்பவை படகோடு போகும். இரவில் கனூவைக் கவிழ்த்து, மரத்திலோ கல்லிலோ இரண்டு முனையையும் கட்டுங்கள். ஒரு உபரித் துடுப்பு, 15 மீட்டர் மிதக்கும் கயிறு இரண்டு, இரண்டு கப்பி, மூன்று கொக்கி, ஒரு சுருள் பலமான ஒட்டுநாடா இருந்தால் பாறையில் சிக்கிய படகில் பெரும்பாலானவற்றை மீட்டு ஒட்டிவிடலாம்.

முன்பணம் கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். மே மாதத்தில் வீட்டுக்கு அருகில் உள்ள ஏரியில், கரையோரம், கரையில் ஆளை நிறுத்திக்கொண்டு, பயணத்துக்கான முழுச் சுமையையும் கட்டிய கனூவைக் கவிழ்த்துப் பாருங்கள். நிமிர்த்தி, நீரை இறைத்து, இருவரும் மறுபடி ஏறி உட்கார எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். பத்து நிமிடத்தைத் தாண்டினால் தெலானைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஏறவே முடியவில்லை என்றால் லபார்ஜையும் அடித்துவிட்டு ஜான்சன்ஸ் கிராஸிங்குக்கு வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.